பதினான்காம் பக்கத்து அடிக்குறிப்பு

தாமஸ் சிரித்ததை அன்புக்கரசி மூன்றாண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தாள். அந்தச் சிரிப்புக்குக் காரணமானவளும் அவளே. இப்போது, 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பிற்பகலில், பழைய குறுந்தகடு ஒன்றைக் கணினிக்குள் தள்ளிவிட்டு, அந்தச் சிரிப்பைத் திரும்பப் பறிக்கும் வேலையும் தன் தலையிலேயே விழுந்துவிட்டதே என்று கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த அன்புக்கரசிக்கு முப்பத்தெட்டு வயது. ராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, அம்மன் கோயில் நோட்டீஸ், தேவாலயத்து விழா மலர் என்று எது வந்தாலும் தமிழில் தட்டெழுதி, பக்கம் அமைத்து, அச்சகத்துக்கு அனுப்பிவைப்பது அவள் தொழில். நான்கு கடை தள்ளித் தாவூதின் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஞாயிறுதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு அன்புக்கரசியும் தாவூதும் தாமஸும் அங்கே மூன்று கணினிகளின் முன் அமர்ந்து, இணையத்தில் வளர்ந்துகொண்டிருந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வடசென்னையைப் பற்றிக் கட்டுரைகள் எழுதுவார்கள். அந்தக் களஞ்சியத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் எழுதியதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. கட்டுரையின் தலையில் எழுதியவர் பெயரும் வராது.

வேலைப் பங்கீடு தெளிவாக இருந்தது. அன்புக்கரசி எழுதுவாள். தாவூது படம் எடுப்பான். தாமஸ் அழிப்பார்.

தாமஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், வயது ஐம்பத்திரண்டு. பெட்டியின் எடைச் சீட்டைத் தம் கண்ணால் பார்க்காமல் கொக்கியை ஓரங்குலம்கூடத் தூக்கமாட்டார் என்று அங்கே பெயர் வாங்கியவர். கலைக்களஞ்சியத்திலும் அதே நடைமுறைதான். ஒரு செய்தி எந்த நூலில், எந்தப் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது என்று அடிக்குறிப்பு இல்லாவிட்டால், அந்த வாக்கியத்தின் தோளில் ‘சான்று தேவை’ என்று ஒரு குறியை மாட்டுவார். குறி மாட்டி ஓராண்டாகியும் சான்று வராவிட்டால் வாக்கியம் போய்விடும்.

“இன்னா’ணா இது? எங்க ஏரியாவுல வூட்டுக்கு ஒரு பாக்ஸர் கீறான்னு எழுதினேன், காணோம்?” என்று அன்புக்கரசி ஒருமுறை சண்டைக்குப் போனாள்.

“வூடு வூடா போய் எண்ணினியா?”

“எண்ணணுமா? எங்க தெருவுல வந்து நில்லு’ணா, மூஞ்சில வாங்கினு போவே.”

“வாங்கின மூஞ்சிய எவனாவது புக்குல போட்டிருந்தா எடுத்துனு வா. அதுவரைக்கும் கெடையாது.”

அவள் பொய் சொல்கிறாள் என்று அவர் நினைத்ததில்லை. உண்மையாக இருப்பது மட்டும் போதாது, நம்மை அறியாத ஒருவர் தேடிப்பார்த்து அதை உறுதி செய்துகொள்ள முடிய வேண்டும் என்பதுதான் அவருடைய கட்சி. இந்தக் கண்டிப்பிலிருந்து அவர் தம்மையும் விலக்கிக்கொண்டதில்லை. காசிமேட்டுக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டுமரம் கட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரைத் தாவூது அழகாகப் படம் எடுத்து வந்தான். அந்த முதியவர் தாமஸின் தந்தை சூசை. ஆனால் படத்தின் கீழே ‘கட்டுமரம் கட்டும் மீனவர்’ என்று மட்டுமே எழுத அனுமதித்தார்.

“பேரு போடேன்’ணா. உங்க நைனாதானே?” என்றான் தாவூது.

“எனக்குத் தெரியும். படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? படத்துல இன்னா தெரியுதோ அத்த மட்டும் எழுது.”

அந்தக் கண்டிப்பின் நடுவில்தான் ஒரு வாக்கியம் மாட்டிக்கொண்டு நின்றது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிய கட்டுரையில், ‘இங்கிருந்து கடலுக்குச் சென்ற முதல் விசைப்படகை ஓட்டியவர் சூசை’ என்று ஒரு வரி. 2005 மார்ச்சில், களஞ்சியத்தின் விதிகள் எதுவும் தெரியாமல் உள்ளே நுழைந்த முதல் வாரத்தில், தாமஸே எழுதியது. சிறுவயதில் தந்தையின் வாயால் கேட்டது. விதிகளைக் கற்றபின், சென்ற ஆண்டு ஜூலையில், அவரே அந்த வரிக்கு ‘சான்று தேவை’ என்று குறி மாட்டினார். பிறர் வரிகளை அழித்த கை தன் தந்தையின் வரியிடம் வரும்போது மட்டும் ஒவ்வொரு வாரமும் சற்று நின்று, பிறகு தாண்டிப் போகும். ஓராண்டுக் கெடு இந்த ஜூலையோடு முடிய இருந்தது.

கெடுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அந்தத் தெருக்கோடியில் இருந்த சிற்றாலயம் ஒன்றின் விழாக் குழுவினர், புது மலருக்கு மாதிரியாக இருக்கட்டும் என்று பழைய மலர் ஒன்றை அன்புக்கரசியின் கடையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைப் புரட்டியவள் பதினான்காம் பக்கத்தில் துள்ளி எழுந்தாள். முதல் விசைப்படகு, சூசை, எல்லாம் அச்சில் இருந்தது. மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் மூன்றையும் சேர்த்து அடிக்குறிப்பாகப் போட்டாள். ‘சான்று தேவை’ இறங்கியது. ஞாயிறன்று தாமஸ் திரையைப் பார்த்தார். பிறகு மலரை வாங்கிப் பக்கத்தைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அப்புறம் சிரித்தார். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை என்பது அன்றுதான் மற்ற இருவருக்கும் தெரிந்தது. எல்லாருக்கும் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார்.

கட்டுரை அதற்குப் பிறகு வேகமாக வளர்ந்து நாற்பத்தேழு அடிக்குறிப்புகளோடு நிமிர்ந்து நின்றது. களஞ்சியத்தின் நிர்வாகிகளில் ஒருவரான சிவநேசன், கனடாவில் வாழும் யாழ்ப்பாணத்துக்காரர், அதை முதற்பக்கக் கட்டுரையாகத் தேர்ந்தெடுத்தார். வருகிற திங்கட்கிழமை காலை முதல் ஒரு வாரத்துக்கு, உலகத்தில் எந்த மூலையில் எவர் களஞ்சியத்தைத் திறந்தாலும் காசிமேடு கண்ணில் படும். வடசென்னைக்கு அது முதல் முறை.

சனிக்கிழமை சிவநேசனிடமிருந்து கட்டுரையோடு இணைந்த உரையாடல் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்தது. ‘அடிக்குறிப்பு 31: விழா மலரில் கட்டுரை எழுதியவர் பெயர் விடுபட்டுள்ளது. பார்த்துச் சேர்த்துவிடுவீர்களா? மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது.’

அந்த மலரின் பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை. 2005இல் தன் கடையில் அமைத்த மலர்தானே, மூலப்பிரதியில் இருக்கும் என்று அன்புக்கரசி குறுந்தகட்டைத் தேடி எடுத்தாள். மலரின் கோப்புகள் வரிசையாக இருந்தன: பங்குத்தந்தை வாழ்த்து, கொடியேற்றம், நன்றியுரை. பதினான்காம் பக்கத்துக் கோப்பின் பெயர் ‘காலி இடம் நிரப்ப’ என்று இருந்தது.

குழுச் செயலாளர் அன்று தொலைபேசியில் கத்தியது அவளுக்கு நினைவு வந்தது. “பதினாலாம் பக்கத்துக்கு மேட்டர் தர்றேன்னவரு கவுத்துட்டாரும்மா. அரைப் பக்கம் காலி. எதையாவது போட்டு ரொப்பு. சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போவணும்.” அவள் தாவூதின் கடைக்கு ஓடி, ‘காசிமேடு’ என்று தேடி, கிடைத்த முதல் தமிழ்ப் பக்கத்திலிருந்து நான்கு வரிகளை வெட்டி, தன் எழுத்துருவுக்கு மாற்றி, அரைப் பக்கத்தில் ஒட்டினாள். எங்கிருந்து வெட்டினாள் என்பது அதே குறுந்தகட்டில் இன்னொரு கோப்பில் இருந்தது. மேல்வரியில் களஞ்சியத்தின் முகவரி; கீழே தாமஸ் எழுதிய அதே வாக்கியம், எழுத்துக்கு எழுத்து.

களஞ்சியம் என்று ஒன்று இருப்பதையே அவள் அறிந்தது அன்றுதான். அதன்பிறகு நூற்றுக்கணக்கான மலர்களும் பத்திரிகைகளும் அவள் கை வழியாகப் போய், நிரப்பியது மறந்துபோனது. தாமஸ் எழுதியதை அவள் மலரில் போட்டிருக்கிறாள். மலரில் இருப்பதைக் காட்டித் தாமஸ் எழுதியதை உண்மையாக்கியிருக்கிறாள். அடிக்குறிப்பு 31 தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு நின்றது.

எழுதியவர் பெயருக்கு ‘விழாக் குழுவினர்’ என்று தட்டினாள். அவ்வளவு போதும், சிவநேசன் திருப்தி அடைவார், திங்கட்கிழமை விடியும். பிறகு அதை அழித்தாள். மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அழித்தாள். கணினியை அணைத்துவிட்டுத் தாவூதின் கடைக்குப் போனாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தாவூது தலையைச் சொறிந்தான். “வுடு யக்கா. யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியுதே.”

“நீ இன்னா போலீசா? அந்தாளு எவ்ளோ குஷியா கீறாரு. நாளைக்கு அவுங்க நைனாவையே இட்டுனு வர்றாராம். பெர்சுக்குப் புதுச் சட்டைலாம் எடுத்துக்கீறாரு.”

“அய்யோ! இன்னா எழுதிக்கீதுன்னு பெர்சுகிட்ட சொல்ட்டாரா?”

“இல்ல. பேரு வருதுன்னு மட்டும் சொன்னாராம். மிச்சத்த நேர்ல பார்க்கட்டும்னு வெச்சிருக்காரு.”

அன்புக்கரசி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் எழுதிய வரிகளைத் தாமஸ் அழித்தபோதெல்லாம் திட்டியிருக்கிறாள். ஆனால் தாமஸ் விட்டுவைத்த வரிகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பியும் இருக்கிறாள். மற்ற நாற்பத்தாறு அடிக்குறிப்புகளுக்கும் மரியாதை அவர் ஒருவரால் வந்தது. இந்த ஒன்றைப் பொய்யென்று தெரிந்தே அவர் கையில் பிடித்துவைத்தால், இனி அந்த மனிதர் எதைச் சரிபார்த்தாலும் அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

“சொல்லிடுறேன் பாய்,” என்றாள்.

“பெர்சு முன்னாடியா?”

“அவரு வர்றதுக்கு முன்னாடி.”

அது நடக்கவில்லை. ஞாயிறு மூன்று மணிக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே தாமஸ் தந்தையோடு ஆட்டோவிலிருந்து இறங்கினார். எண்பத்திரண்டு வயதுச் சூசை, மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டையில், கல்யாணத்துக்கு வந்தவரைப்போலக் கடைக்குள் நுழைந்தார். தாவூது கொடுத்த சுழல் நாற்காலியில் பயந்துகொண்டே உட்கார்ந்தார். அன்புக்கரசியை மேலும் கீழும் பார்த்தார்.

“என் பேர தேடி எடுத்த பொண்ணு நீதானா? இவன் வூட்ல உன் பேச்சாவே கெடக்கான். எமகாதகிம்மா நீ.”

அன்புக்கரசி எழுந்தாள். “தாமஸ்’ணா, ஒரு நிமிஷம் வெளிய வாயேன்,” என்றாள்.

“இன்னா, இங்கியே சொல்லு.”

அவள் குறுந்தகட்டைக் கணினியில் போட்டாள். இரண்டு கோப்புகளையும் அருகருகே திறந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். காலி இடம் என்ற சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் சற்றுத் தேய்ந்தது. முடிந்ததும் தாமஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

“மலர் எந்த மாசம்?”

“ஆகஸ்டு’ணா.”

“நான் எழுதினது?”

“மார்ச்சு.”

“காட்டு.”

கட்டுரையின் பழைய பதிப்புகள் இருக்கும் பக்கத்தைக் காட்டினாள். அவர் தேதியின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். கொக்கியில் மாட்டியபின் எடைச் சீட்டு தப்பென்று தெரிந்தால் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார். கோபம் இல்லை. கீழே யாரும் நிற்கிறார்களா என்று பார்ப்பதுபோல ஒரு நிதானம்.

“அடிக்குறிப்ப நீ எடு,” என்றார். “வாக்கியத்த நான் எடுக்குறேன்.”

“என் மேல தப்பு’ணா.”

“மொத தப்பு என்னுது. உன்னுது ரெண்டாவது. வரிசையா வா.”

ஆனால் விசைப்பலகையின்மேல் வைத்த கை நகரவில்லை. அவர் தந்தையைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. சூசைதான் பேசினார்.

“இன்னாடா, எழவு வூட்ல குந்திகினு இருக்கா மாதிரி இருக்கீங்கோ? என் பேர போட்டு இன்னாதான் எழுதினே?”

அன்புக்கரசி மெல்லப் படித்துக் காட்டினாள். “இங்கிருந்து கடலுக்குச் சென்ற முதல் விசைப்படகை ஓட்டியவர் சூசை.”

கிழவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நாற்காலி சுழலும் அளவுக்குச் சிரித்தார். தாமஸுக்கு இல்லாத அதே மேல்வரிசைப் பல் அவருக்கும் இல்லை.

“நானா? அத்த ஓட்டினது பரசுராமன்டா! நாங்கோ நாலு பேரு கட்டுமரத்துல போய்க்கினு இருந்தோம். நடுக்கடல்ல அவன் மிசினு நின்னு பூட்ச்சு. கவுறு கட்டி நாங்கோதான் கரைக்கு இஸ்துகினு வந்தோம். தோளு ரெண்டும் கழண்டு பூட்ச்சு.”

“அப்ப என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னே, நைனா?” தாமஸின் குரலில் ஏழு வயது தெரிந்தது.

“உனக்கு அம்மை போட்டு கெடந்தே. கஞ்சி குடிக்க மாட்டேன்னு அடம். அந்த மிசினு படக கட்டுமரத்துல இஸ்துகினு வந்த கதைய எடுத்தேன். ‘மிசினு படக நீ ஓட்டினியா’ன்னு கேட்டே. ஆமான்னேன், ஒரு வாய் குடிச்சே. மொத மிசினு படகே நம்மளுதுதான்னேன், டம்ளரு காலி. உங்கம்மா என்னைய மெச்சிக்கினா. அப்பால நானும் மறந்துட்டேன்.”

“நாப்பத்தஞ்சு வருசமா ஒரு வார்த்த சொல்லல?”

“நீ கேக்கல. அத்த தூக்கினு வந்து கம்ப்யூட்டர்ல எழுதுவேன்னு நான் கண்டேனா?”

தாவூது திரும்பிக்கொண்டு தோள் குலுங்க நின்றான். அன்புக்கரசி உதட்டைக் கடித்தாள். தாமஸ் இருவரையும் முறைத்துவிட்டு வாக்கியத்தை நீக்கினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத ஒரு சிறு கட்டம் உண்டு. அதில், ‘சான்று இல்லை. எழுதியவரும் நானே, கேட்டதை நம்பியவரும் நானே’ என்று எழுதினார். அன்புக்கரசி அடிக்குறிப்பை எடுத்துவிட்டு, மலரின் கதையை உரையாடல் பக்கத்தில் மறைக்காமல் எழுதினாள். சற்று நேரத்தில் சிவநேசனின் பதில் வந்தது. கனடாவில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. ‘வெளியாகும் முன் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. கட்டுரை திங்களன்று ஏறும். இப்படியொரு வட்டத்தை நான் இதுவரை கண்டதில்லை. காலைத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.’

“அப்ப என் பேரு வராதா?” என்று சூசை கேட்டார். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டார். பிறகு அவரே, “வுடு, புழுக்கமா கீது,” என்று மணிக்கட்டுப் பொத்தான்களைக் கழற்றிச் சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டார். இனி அந்தச் சட்டை விறைப்பாக நிற்க வேண்டிய அவசியம் இல்லை.

வலது முன்கையில் பச்சை குத்தியிருந்தது. தோல் சுருங்கி, நிறம் மங்கி, கடற்பாசி ஒட்டியதுபோல இருந்தது. அன்புக்கரசி அச்சுப்பிழை பார்க்கும் பழக்கத்தில் தலையைச் சாய்த்துப் படித்தாள்.

“நைனா, இது உன் பேரா?”

“எங்கம்மா குத்திவுட்டது. மொத மொத கடலுக்குப் போவ சொல்ல. கடல் எடுத்துக்கினு போய் எங்கனா ஒதுக்கினா, யாரு பெத்த புள்ளன்னு பார்க்கிறவனுக்குத் தெரியணும்ல?”

பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும். இதே பேச்சை அவள் மூன்று வருடமாக வேறொரு வாயால் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சட்டென்று திரும்பினாள். “பாய்! அந்தக் கட்டுமரம் படம், கேமராவுல எடுத்த பெரிய சைஸு இருக்கா?”

“இருக்கும். லைன் ஸ்லோவா இருக்குதேன்னு சின்னதாக்கி ஏத்தினேன்.”

“தெற.”

படம் திரையில் விரிந்தது. வெயில், மணல், சேர்த்து வைத்த கட்டைகள், கயிற்றை இழுத்துக்கொண்டிருக்கும் வெற்றுடம்பு. தாவூது வலது கையைப் பெரிதாக்கினான். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. இழுத்த கயிற்றின் விசையில் தோல் விறைத்து நின்றதால், நேரில் சுருங்கிக் கிடந்த எழுத்துகள் படத்தில் நிமிர்ந்து நின்றன. சூசை.

தாமஸ் மூக்கு திரையில் இடிக்கும் தூரத்துக்குப் போனார். தாவூது, “படத்துல இன்னா தெரியுதோ அத்த எழுதலாம்ல’ணா?” என்று காற்றைப் பார்த்துக் கேட்டான்.

“இன்னும் கொஞ்சம் பெருசாக்கு,” என்றார் தாமஸ்.

பெரிதாக்கினான்.

“வேற யாராவது பேரையும் கையில குத்திக்கிறது உண்டு,” என்றார் தாமஸ். அவருக்கு அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்ள வராது. “பொண்டாட்டி பேரு, சாமி பேரு.”

“சூசைன்றது உங்கம்மா பேராடா?” என்றார் கிழவர்.

தாமஸ் நிமிர்ந்தார். பெரிய படத்தை ஏற்றச் சொன்னார். அது ஏறிமுடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. அதற்குள் தேநீர் வந்து, சூசை இரண்டு குடித்தார். பிறகு தாமஸ் தாமே விசைப்பலகையை இழுத்துவைத்துக்கொண்டு, ஒரு விரலால், ஒவ்வோர் எழுத்தாக, படத்தின் கீழே இருந்த வரியைத் திருத்தினார்: ‘கட்டுமரம் கட்டும் மீனவர் சூசை, காசிமேடு, 2008.’ காரணம் எழுதும் கட்டத்தில் சற்று யோசித்தார்.

‘பெயர் சேர்க்கப்பட்டது. சான்று: படத்தில் உள்ளவரின் வலக்கை.’

சேமித்தார். அன்புக்கரசி அவர் முகத்தைப் பார்க்கக் குனிந்தாள். அவர் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூசை திரைக்கு அருகில் நாற்காலியை நகர்த்தித் தம் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். முகம் சுளித்தார்.

“இன்னாடா இது, வெறும் ஒடம்போட நிக்கிறேன்? நாளைக்கு ஒலகமே பார்க்கும்ன்றே. இந்தப் புதுச் சட்டையோட ஒண்ணு எடுக்கக் கூடாதா?”

“சட்ட போட்டா கை தெரியாது, நைனா,” என்றார் தாமஸ்.